தகாத வார்த்தை

“மேற்படி நபர் என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டி, மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாக்கினார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

இந்த வாக்கியத்தை முதலில் எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக நம் ஜனங்களின் பெயரில் எழுதப்பட்டு வருகிறது. கீழே ரேகை வைத்தவர்கள் நம்மவர்கள்; மேலே எழுதியவர்கள் வேறு ஆட்கள். தலித் இலக்கியம் பற்றிப் பேசுகிறவர்கள் கவிதையை எடுக்கிறார்கள், நாவலை எடுக்கிறார்கள், தன்வரலாற்றை எடுக்கிறார்கள். ஆனால் எங்கள் கள்ளிக்குப்பம் மாதிரி ஒரு ஊரில் ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் எழுதவைக்கிற ஒரே பிரதி புகார் மனுதான். அதை ஒரு பிரதியாக எடுத்து வைத்துப் படித்தவர்கள் குறைவு. இங்கே அதைப் படிக்கப் பார்க்கிறேன். கூடவே, அந்த மனுவைப் படித்துத் தீர்ப்பு எழுதியவர்களையும், ‘உங்கள் உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்று நமக்குக் கையேடு போடுகிறவர்களையும்.

மேலே உள்ள வாக்கியம் எங்கள் தெரு அக்கா ஒருத்தர் கொண்டுவந்து காட்டிய காகிதத்தில் இருந்தது. சொந்த அக்கா இல்லை, எல்லோருக்கும் அக்கா. ஒரு பட்டறையில் பேக்கிங் வேலை. பட்டறை எங்கே, யாருடையது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சூப்பர்வைசர் ஒரு மத்தியானம் திட்டியிருக்கிறான். அக்கா ஸ்டேஷனுக்குப் போக, எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே ஒருவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு, கொடுப்பதற்கு முன்னால் ‘தம்பி ஒருதபா பாத்துடட்டும்’ என்று என்னிடம் வந்தார்.

“அவன் என்ன சொன்னான்க்கா?”

“அதான் எழுதிக்கீதே.”

“தகாத வார்த்தைன்னுதான் எழுதியிருக்கு. என்ன வார்த்தை?”

“அத்த எப்டிப்பா வாயால சொல்றது. நாக்கு கூசுது.”

சட்டத்தில் அந்த நாக்குக் கூச்சத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பிறகு, 3(1)(எஸ்) பிரிவில் சொல்வது: பொதுப் பார்வையில் படும் எந்த இடத்திலும் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவரைச் சாதிப் பெயரால் திட்டுவது குற்றம். முந்தைய பிரிவு, 3(1)(ஆர்), அவமானப்படுத்தும் நோக்கத்தோடு இழிவுபடுத்துவதையும் மிரட்டுவதையும் சொல்கிறது. இரண்டுக்கும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம் வரை தண்டனை. மனுவில் சாதிப் பெயர் இல்லை, ‘தகாத வார்த்தை’ மட்டும்தான் இருக்கிறது என்றால், இந்தப் பிரிவுகளுக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விடும். மிஞ்சுவது பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது என்கிற பிரிவு. முன்னால் இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 296. அதிகபட்சம் மூன்று மாதம், ஜாமீனில் விடக்கூடியது. ரெண்டு குடிகாரர்கள் கடை வாசலில் திட்டிக்கொண்டாலும் அதே பிரிவுதான். மனு எழுதியவர் மரியாதையாக எழுதினார். அந்த மரியாதையில் ஒரு வன்கொடுமை தெருச்சண்டை ஆகிவிட்டது.

அவர் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அலுவலகத் தமிழ் அப்படி. அந்தத் தமிழுக்கு ஒரு ஆசாரம் இருக்கிறது. சில சொற்கள் காகிதத்தில் ஏறக்கூடாது. சொன்னவன் வாயில் ஏறலாம், கேட்டவள் காதில் ஏறலாம், காகிதத்துக்கு மட்டும் தீட்டு. இந்த ஆசாரம் யாரைக் காப்பாற்றுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அது பேச்சுமொழியில் வந்தது. அதையொட்டிய வருஷங்களில் தலித் மொழி பற்றி எவ்வளவு சண்டை போட்டோம். கொச்சை என்றார்கள், ஆபாசம் என்றார்கள், இலக்கியத்துக்கு ஆகாது என்றார்கள். எங்கள் வாயில் வருவதை எழுதுவோம், எங்கள் மேல் எறியப்பட்டதையும் எழுதுவோம் என்று சொல்லி ஜெயித்தோம். இன்றைக்கு அந்தப் புத்தகம் பல்கலைக்கழகத்தில் பாடம். ஆனால் ஜெயித்த அந்த உரிமை, ஸ்டேஷன் மேஜையில் கிடக்கிற காகிதத்துக்கு வந்து சேரவில்லை. நாவலில் சொல்ல முடிகிற வார்த்தையை மனுவில் சொல்ல முடியாமல் இருக்கிறோம். சிற்றிதழ்களில் எழுதுகிற நாமும் அதைக் கவனிக்கவில்லை. நான் நிச்சயமாகக் கவனிக்கவில்லை.

பல வருஷம் முன்னால் வேறொருவருக்கு நானே ஒரு மனு எழுதினேன். மூன்று பக்கம். மூவாயிரம் வருஷ ஒடுக்குமுறையில் ஆரம்பித்து, அம்பேத்கர் வழியாக வந்து, ‘எமது மக்களின் கண்ணீர்’ என்று முடித்தேன். எழுதி முடித்து எனக்கே கண் கலங்கிவிட்டது. ஸ்டேஷனில் எழுத்தர் பொறுமையாகப் படித்துவிட்டு, “இது எப்ப நடந்ததுங்க?” என்றார். தேதியே இல்லை. இடம் இல்லை. யார் இருந்தார்கள் என்பது இல்லை. மனு எழுதிக்கொடுப்பவர் ஆசாரத்தால் செய்ததை நான் இலக்கியத்தால் செய்திருந்தேன். அந்த மனிதர் அதற்கப்புறம் என்னிடம் எதையும் எழுதக் கேட்டதில்லை.

இனி கையேடுகள். தொண்டு நிறுவனங்கள் போடுகிறவை, சட்ட உதவி முகாம்களில் கொடுக்கிறவை என்று என் அலமாரியில் ஒரு கட்டு இருக்கிறது. நல்ல நோக்கத்தில் எழுதப்பட்டவை, சந்தேகமில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே நடை: ‘பாதிக்கப்பட்டவர் புகார் அளிக்க வேண்டும்’, ‘விசாரணை மேற்கொள்ளப்பட வேண்டும்’, ‘நிவாரணம் வழங்கப்பட வேண்டும்’. யாரும் வாயைத் திறக்காத வாக்கியங்கள். பிரிவு எண்கள் சட்டப் புத்தகத்தில் இருக்கிற வரிசையிலேயே வரும். ஆனால் படிக்கிறவளுக்குத் தேவைப்படுகிற வரிசை வேறு. அவள் முதலில் போய் நிற்பது ரைட்டர் மேஜை முன்னால். அந்த மேஜையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பது நான் பார்த்த கையேடுகளில் கடைசிப் பக்கங்களில், ‘அரசு ஊழியர் கடமைகள்’ என்ற தலைப்பில் ஒரு வரியாக இருக்கிறது, அல்லது இல்லை.

சட்டத்தின் 4ஆம் பிரிவு அது. திருத்தத்துக்குப் பிறகு அதில் எழுதியிருப்பதைப் பேச்சுத் தமிழில் சொன்னால்: நீ வாயால சொன்னத போலீஸ்காரர் எழுதினா, கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி உனக்கு அதப் படிச்சுக் காட்டணும். பதிவு பண்ணணும். எழுதினதுல ஒரு காப்பி அப்பவே உன் கையில குடுக்கணும். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் இந்தக் கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் அவருக்கே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை. என்னைப் பொறுத்தவரை மொத்தச் சட்டத்திலும் இலக்கிய உணர்வோடு எழுதப்பட்ட இடம் இதுதான். சொன்னதும் எழுதப்பட்டதும் ஒன்றாக இருக்காது என்று இந்த வரியை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம், அங்கே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

பதிவு செய்யாமல் ‘முதல்ல விசாரிக்கிறோம்’ என்று சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவது பழைய வழக்கம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வன்கொடுமைப் புகார்களுக்கு முதல்கட்ட விசாரணை வைக்கலாம் என்று அந்த வழக்கத்துக்கே அங்கீகாரம் கொடுத்தது. ஏப்ரல் 2ஆம் தேதி நாடு முழுக்க பந்த், துப்பாக்கிச்சூடு, சாவுகள். அந்த ஆண்டே நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது: முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால், 1995ஆம் ஆண்டு விதிகளின்படி எழுத்தில் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிலும் ஒரு சங்கடம். அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, 2018இல் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது, 2022இல் போலீஸ் ஆவடி ஆணையரகத்துக்குப் போய்விட்டது. அதனால் போலீஸுக்கு ஆவடி, கலெக்டருக்குச் சென்னை. ‘பெறுநர்’ என்று எழுதி நிறுத்திவிட்டு யோசிக்கிற ஜனங்கள் நாங்கள்.

சரி, பதிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அந்தக் காகிதத்தை நீதிபதிகள் எப்படி வாசிக்கிறார்கள் என்பது. கீழ்வெண்மணியை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 1968 டிசம்பர் 25, 44 உயிர்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, கார் வைத்திருக்கிற அளவுக்கு வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது. இதை அநீதி என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். இது ஒரு வாசிப்பு. கதாபாத்திரத்தின் அந்தஸ்தைப் பார்த்து அவன் என்ன செய்வான் என்று முடிவு செய்கிற வாசிப்பு. மோசமான நாவல் விமர்சகன் இப்படித்தான் படிப்பான்.

இன்றைய தீர்ப்புகள் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. அவை சொல்லைப் பிடித்துக்கொண்டு படிக்கின்றன. சட்டத்தில் உள்ள ‘பொதுப் பார்வையில் படும் இடம்’ என்ற சொற்றொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல வித்தியாசத்தைக் காட்டியது. பொது இடம் வேறு, பொதுப் பார்வையில் படும் இடம் வேறு. தனியார் கட்டடமாக இருந்தாலும் அதன் வாசலில், காருக்குப் பக்கத்தில் நின்று திட்டினால் அது வெளியே தெரியும், அதுவும் குற்றமே. கட்டடத்துக்கு உள்ளேயே நடந்தாலும், சொந்தக்காரர், சிநேகிதர் தவிர வெளியாட்கள் இருந்தால் குற்றம். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் அதே அளவுகோலை வைத்து, நான்கு சுவருக்குள் யாரும் பார்க்காமல் நடந்தது என்று குற்றப்பத்திரிகையின் அந்தப் பகுதி ரத்தானது.

2025 ஜனவரி 31ஆம் தேதித் தீர்ப்பு நம் ஊர் வழக்கு, லால்குடி. புகார் கொடுத்தவர் வருவாய் ஆய்வாளர். பட்டா சம்பந்தமாக மனு கொடுத்திருந்த ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, அவருடைய அறையிலேயே அவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார் என்பது 2021ஆம் ஆண்டுப் புகார். அதன்பிறகு உடன் வேலைசெய்யும் மூன்று பேர் வந்து சமாதானப்படுத்தி அழைத்துப் போனார்கள் என்று முதல் தகவல் அறிக்கையிலேயே இருந்தது. நீதிமன்றம் அதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டே படித்தது: சம்பவம் நான்கு சுவருக்குள், சகாக்கள் வந்தது பிறகு, ஆகவே பொதுப் பார்வை இல்லை. வழக்கு ரத்து. அமர்வில் பி.ஆர். கவாய் இருந்தார். சில மாதத்தில் தலைமை நீதிபதியாகப் போகிறவர், அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது தலித். நம்மாள் ஒருவர் மேலே உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிற நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவரைக் குறை சொல்ல இல்லை. சட்டத்தில் இருக்கிற சொல்லை அவர் படித்தார்.

அந்த வழக்கு ஒரு ‘பிறகு’வில் போயிற்று. அதை எழுதியபோது அது கதைக்கு ஒரு இணைப்புச் சொல்தான். யாரும் அதை யோசித்து எழுதியிருக்க மாட்டார்கள். சொல் எதிர்ப்பக்கம் வெட்டியதும் உண்டு. மகாத் குளத்து வழக்கில் அம்பேத்கரை எதிர்த்து மேல்சாதியினர் பத்து வருஷம் இழுத்தார்கள். 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றார்கள். தீண்டாமை தவறு என்று நீதிமன்றம் உருகியதால் இல்லை. தீண்டத்தகாதவர்களைத் ‘தொன்றுதொட்டு’ விலக்கி வைத்த வழக்கம் என்று சொன்னார்களே, அந்தத் ‘தொன்றுதொட்டு’வை அவர்களால் நிரூபிக்க முடியவில்லை.

லால்குடித் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் வேறு. சட்டத்தை எழுதியவர்கள், அவமானம் என்றால் அதற்குப் பார்வையாளர் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். 2015இல் இவ்வளவு திருத்தியபோதும் அந்தச் சொற்றொடரை வைத்துக்கொண்டார்கள். யாரும் இல்லாத அறையில், கதவைச் சாத்திவிட்டு ஒருவன் உன் சாதியைச் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாட்சி இல்லை என்று தெரிந்துதானே அவன் அங்கே சொல்கிறான். நம் தன்வரலாறுகளில் எத்தனை பக்கம் இந்த மூடிய அறைகளைப் பற்றியது. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் அறை, வீட்டு வேலைக்குப் போன இடத்துச் சமையலறை. சட்டம் அந்தப் பக்கங்களைப் படிக்கவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாது. 3(1)(டபிள்யூ) பிரிவு. பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே பாலியல் நோக்கில் தொடுவது, பாலியல் தன்மையுள்ள சொல்லோ சைகையோ காட்டுவது. இதில் ‘பொதுப் பார்வை’ என்ற நிபந்தனையே கிடையாது. வேலை இடத்துப் பாலியல் தொல்லைக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்றால், அல்லது முதலாளி மேலேயே புகார் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்தில் சாதி என்ற பேச்சே இல்லை. ஒரு சட்டத்துக்குப் பெண் தெரிகிறாள், இன்னொன்றுக்குச் சாதி தெரிகிறது. 2021இல் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற தலித் பெண் ஒருத்திக்கு நடந்த வன்முறையைப் பற்றி உச்ச நீதிமன்றம் சாதி, பால், ஊனம் மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பக்கம் பக்கமாக எழுதியது. படிக்க நன்றாக இருந்தது. ஆயுள் தண்டனை நின்றது. வன்கொடுமைச் சட்டப் பிரிவு மட்டும், சாதி காரணமாகத்தான் நடந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லையென்று கழற்றப்பட்டது.

ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அங்கேயும் எழுதுகிற கை வேறொருவருடையது. கேஸ் ஷீட்டை எழுதுவது யார் மேல் புகாரோ அவரேதான். 2002ஆம் ஆண்டு மருத்துவர் ஒழுங்கு விதிகளின்படி நோயாளியோ பொறுப்பாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டு நகல் கொடுக்க வேண்டும். கேட்டதற்குத் தேதியோடு ஒரு அத்தாட்சி வைத்துக்கொள்வது நல்லது. தவறான சிகிச்சைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி அதில் வராது. காசு கொடுத்தவன் நுகர்வோர். கொடுக்க வழியில்லாதவன் அங்கே அந்தப் பெயருக்குக்கூட ஆகவில்லை. 2007இல் கிஷோரி லால் வழக்கில் வேறொரு கதவு திறந்தது. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இலவசம் கிடையாது, தொழிலாளி சம்பளத்தில் பிடித்தம் போகிறது, ஆகவே அவர் நுகர்வோர். அம்பத்தூர் எஸ்டேட்டை நம்பிப் பிழைக்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய விஷயம். பிடித்தம் செய்து கட்டாமல் விடுகிற கான்ட்ராக்டர்கள் வேறு கதை.

2021 கடைசியில் ரெண்டு படம் அடுத்தடுத்து வந்தது. ‘ஜெய் பீம்’ பார்த்துவிட்டு எங்கள் பசங்கள் எல்லாம் சந்துரு மாதிரி வக்கீல் வேணும் என்றார்கள். நியாயம்தான். பிராங்க்ளின் ஜேக்கப்பின் ‘ரைட்டர்’ அந்த அளவு ஓடவில்லை. எனக்கு அதுதான் முக்கியமான படம். வக்கீல் வருவதற்கு ரொம்ப முன்னாடியே, ஸ்டேஷனில் ஒருவர் பேனாவைத் திறக்கும்போதே, ஒரு மனிதனின் கதை வேறொன்றாக மாறிவிடுகிறது என்பதை அந்தப் படம் பார்த்திருக்கிறது.

அக்கா கதைக்கு வருகிறேன். வார்த்தையை என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் அடுப்பங்கரையில் சொன்னார். சாதிப் பெயர், அதோடு ஒட்டி ஒரு சொல். மனைவி வெளியே வந்து என்னிடம் சொல்ல, நான் எழுதினேன். அவன் சொன்ன வரிசையிலேயே, மேற்கோள் குறிக்குள். பிறகு இடத்தைக் கேட்டேன். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது, வெளியே சந்து, ஆள் நடமாட்டம் உண்டு. யார் இருந்தது? கூட வேலை செய்கிற ரெண்டு பேர். டீ கொண்டுவந்த பையன்.

“டீக்காரப் பையன் எப்ப வந்தான்?”

இதைக் கேட்டபோது லால்குடி என் தலைக்குள் இருந்தது. அக்காவுக்கு அது தெரியாது. ‘முன்னாடியே’ என்று ஒரு சொல்லை நான் எடுத்துக் கொடுத்திருந்தால் அவர் தலையாட்டியிருப்பார். தம்பி படித்த தம்பி. கொடுக்காமல் இருந்தேன். ரொம்ப நேரம் யோசித்தார். “கிளாஸ்ல ஊத்திக்கினு இருந்தான்பா. என் மூஞ்சியப் பாத்தான். கீழ குனிஞ்சிக்கினான்.” அதை அப்படியே எழுதினேன். அந்தப் பையன் கோர்ட்டில் வந்து சொல்வானா என்பது வேறு விஷயம். அவனும் அந்தப் பட்டறை வரிசையில்தான் டீ விற்றாக வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். வார்த்தை வந்த இடத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். முதல் தடவை சி.எஸ்.ஆர். தான் கொடுத்தார்கள். பதிவுத் தபாலில் மேலே அனுப்பியபிறகு முதல் தகவல் அறிக்கை வந்தது. நகலை வாங்கிப் பார்த்தேன். வார்த்தை இருந்தது. டீக்காரப் பையன் இருந்தான். குனிந்துகொண்டது மட்டும் இல்லை.

இந்தக் கட்டுரையில் அந்த வார்த்தையைப் போடுவதாகத்தான் இருந்தேன். இவ்வளவு தூரம் பேசிவிட்டுப் போடாமல் விடுவது எப்படி? அக்காவிடம் கேட்டேன். “கேஸ் காயிதத்துல கீட்டும் தம்பி. அது அவனுக்கு. பொஸ்தகத்துல இன்னாத்துக்கு?” என்றார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு நானும் கூடப் போகிறேன்.